எஃப்6 எட்டும் குரல் எந்தப் பாதையில் போகலாம்?

மேற்கத்தியச் செவ்வியல் பாட்டு கற்கும் ஒரு பெண்ணின் குரல் முதல்முறையாக எஃப்6 சுரத்தைப் பிசிறில்லாமல் தொட்டுவிட்டால் போதும், சுற்றியிருப்பவர்கள் உடனே முடிவு கட்டிவிடுவார்கள்: "நீ கொலரட்டுரா. இரவு ராணியைப் பாடு." கொலரட்டுரா என்றால் வேகமான பிருகாக்களையும் உச்ச சுரங்களையும் பாடும் குரல்; இரவு ராணி, மொஸார்ட்டின் 'மந்திரப் புல்லாங்குழல்' ஓபராவில் வரும் பாத்திரம். இந்த அவசரத்தோடு எனக்கு உடன்பாடில்லை. உச்சம் எட்டும் சோப்ரானோ, அதாவது உயர்ந்த பெண்குரலுக்கு முன்னால் நான்கு பாதைகள் இருக்கின்றன. சுப்ரெட் (இளம்பெண் பாத்திரங்களுக்கான லேசான குரல்), லிரிக் கொலரட்டுரா (மென்மையானது), டிரமாட்டிக் கொலரட்டுரா (கனமானது), இவை மூன்றையும் தாண்டி எஃப்6க்கு மேலேயும் சஞ்சரிக்கும் அதியுச்சக் குரல். எந்தப் பாத்திரங்களைப் படிப்பது, அரங்கத் தேர்வுக்கு எதைக் கொண்டுபோவது, முப்பது வயதுக்குள் தொண்டையிடம் எவ்வளவு வேலை வாங்குவது என்பதெல்லாம் இந்த ஒரு தேர்வைப் பொறுத்தே அமையும். ஒற்றை உச்ச சுரத்தை வைத்து அதைத் தீர்மானிக்கக் கூடாது.

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பியானோவின் நடு சி என்பது சி4, ஏறக்குறைய 262 ஹெர்ட்ஸ். சோப்ரானோக்களின் 'உயர் சி' எனப்படும் சி6 அதற்கு இரண்டு ஸ்தாயி மேலே, 1047 ஹெர்ட்ஸ். எஃப்6 என்றால் 1397. அந்த ஒரு சுரத்துக்குக் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 1,400 தடவை அதிர வேண்டும். சி6 தொழில்முறை சோப்ரானோக்கள் எல்லோரிடமும் எதிர்பார்க்கப்படும் சுரம். அதற்கு மேலே உள்ள இரண்டு, மூன்று, நான்கு சுரங்களைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

இப்போது மொஸார்ட்டின் ஒரு ஓபராவைப் பார்ப்போம். 1782 ஜூலை 16 அன்று வியன்னாவின் பர்க் அரங்கில் அரங்கேறிய 'அந்தப்புரத்திலிருந்து கடத்தல்'. இதில் இரண்டு சோப்ரானோக்கள். நாயகி கான்ஸ்டான்ஸ, அவளுடைய பணிப்பெண் பிளோண்ட. கான்ஸ்டான்ஸயின் உச்சம் டி6. பணிப்பெண்ணின் உச்சம் ஈ6. ஆம், பணிப்பெண்தான் நாயகியைவிட மேலே போகிறாள். ஆனாலும் பிளோண்ட பாடுபவரை எந்த அரங்கும் டிரமாட்டிக் கொலரட்டுரா என்று சொல்லாது. சுப்ரெட் என்றே சொல்லும். கான்ஸ்டான்ஸக்குத்தான் அந்தக் கனமான பெயர். ஏன் என்று புரிந்துகொள்ள அவளுடைய இரண்டாம் அங்கத்தைப் பார்த்தால் போதும். துயரத்தில் தோய்ந்த நீண்ட ஆரியா (தனிப்பாட்டு) ஒன்றைப் பாடி முடிக்கிறாள். நடுவே சிறு உரையாடல். உடனே 'எல்லாவிதச் சித்திரவதைகளும்' என்று தொடங்கும் அடுத்த ஆரியா. புல்லாங்குழல், ஓபோ, வயலின், செல்லோ நான்கும் தனித்தனியே முன்வந்து வாசிக்க, சுமார் 60 தாளக்கட்டு முன்னிசை. அவ்வளவு நேரமும் அவள் அசையாமல் எதிர்த்து நிற்க வேண்டும். பிறகு ஏறக்குறைய ஒன்பது நிமிடத்தில் நெடும்பிடிகள், பிருகாக்கள், முழு இசைக்குழுவுக்கு மேலே கேட்க வேண்டிய வீறு எல்லாம். பிளோண்டயின் ஈ6 மின்னி மறைந்துவிடும். கான்ஸ்டான்ஸ விஷயத்தில் டி6 கஷ்டமே இல்லை. டி6ஐச் சுற்றியுள்ள பாரம்தான் கஷ்டம்.

இத்தாலியர்கள் இதைத் தெஸித்தூரா என்பார்கள். பாட்டு பெரும்பாலும் எந்தப் பகுதியில் குடியிருக்கிறது என்ற கணக்கு அது. குரல் எதுவரை போய்த் திரும்ப முடியும் என்பது வேறு, எங்கே நாள் முழுக்கத் தங்க முடியும் என்பது வேறு. நான்கு பாதைகளையும் நான் ஒப்பிடுவது இந்தத் தங்குமிடத்தை வைத்துத்தான்.

சுப்ரெட்

இது சின்னப் பாதை என்று பலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'ஃபிகாரோவின் திருமண'த்தில் வரும் சூஸன்னா, 'கோஸி ஃபான் தூத்தெ'யின் டெஸ்பினா, யோஹான் ஸ்ட்ராஸின் 'வௌவா'லில் வரும் அடேல எல்லாம் இந்த வகை. குரல் லேசானது, நடுப்பகுதி தெளிவானது, சொல் சுத்தம் அவசியம், நடிப்பு அதைவிட அவசியம். சூஸன்னா மேடையை விட்டு இறங்குவதே அபூர்வம். நான்கு அங்கம் முழுக்கக் கூட்டுப்பாடல்களில் நின்று, கடைசியில் தோட்டத்தில் ஓர் அமைதியான ஆரியா பாட வேண்டும். அந்தப் பாத்திரத்தைச் சரியாகச் செய்பவருக்கு மூச்சு, நினைவு, மேடை உணர்வு மூன்றும் ஒருசேரப் படியும்.

ஜெர்மன் அரங்குகளில் ஃபாஹ் என்ற குரல்வகைப் பிரிவை வைத்தே நிரந்தர ஒப்பந்தம் போடுவது வழக்கம். அங்கே சுப்ரெட்டுக்கு வேலை நிறைய. ஒரே பருவத்தில் மொஸார்ட், ஓபரெட்டா, குழந்தைகளுக்கான நிகழ்ச்சி என்று மாறி மாறிப் பாடலாம். குறை என்னவென்றால், பாத்திரங்கள் இளம்பெண்கள். நாற்பதைத் தாண்டியபின் சூஸன்னாவையே நம்பியிருக்க முடியாது. அதற்குள் குரல் லிரிக் பக்கம் முற்ற வேண்டும். எஃப்6 கைவசம் வைத்திருப்பவருக்கு இந்தப் பாதையில் அந்தச் சுரத்தைக் காட்டவும் அதிக வாய்ப்பில்லை. ஆனால் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் தொடங்க இதைவிடப் பத்திரமான இடம் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

லிரிக் கொலரட்டுரா

உயரக் குரல்களில் பெரும்பாலானவை இங்கேதான் சேர வேண்டியவை. சி6க்கு மேலே ஈ♭6, ஈ6, சில சமயம் எஃப்6 வரை இயல்பாகப் போகும். பிருகா துல்லியமாக விழும். ஒலி வெள்ளி மாதிரி மெல்லியது, ஆனால் அரங்கின் கடைசி வரிசைவரை போய்ச் சேரும். பாத்திரங்களுக்கும் பஞ்சமில்லை. 1851இல் வெனிஸின் லா ஃபெனீச்சேயில் அரங்கேறிய 'ரிகொலெத்தோ'வின் ஜில்டா, டொனிசெட்டியின் 'படைப்பிரிவின் மக'ளில் வரும் மரீ, ஒஃபென்பாக்கின் பொம்மைப்பெண் ஒலிம்பியா, ரிகார்ட் ஸ்ட்ராஸின் ஸெர்பினெத்தா.

இரண்டை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். டெலிபின் 'லாக்மே' 1883இல் பாரிஸின் ஒபெரா கொமீக்கில் அரங்கேறியது. கதை நடப்பது ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில். நீலகண்டர் என்ற அர்ச்சகர், தன் கோயிலுக்குள் நுழைந்த ஆங்கில அதிகாரியைக் கண்டுபிடிக்க, மகள் லாக்மேயைச் சந்தைக் கூட்டத்துக்கு நடுவே பாடச் சொல்கிறார். அதுதான் பேர்பெற்ற 'மணிப்பாட்டு'. தொடக்கத்தில் இசைக்குழு கிட்டத்தட்ட வாய்மூடி நிற்க, சொல்லே இல்லாத ஆலாபனை. சுருதிக்கு ஊன்றிக்கொள்ள எதுவும் கிடையாது. பிறகு கதைப்பாட்டு, அதற்குப்பின் மணியோசை போலத் துள்ளும் சுரங்கள், முடிவில் ஈ6. தன் மேல் திணிக்கப்பட்ட ஒரு பாட்டைப் பயந்துகொண்டே பாடுகிற பெண் அவள். அந்த ஈ6ஐ வெற்றிக்கொடி மாதிரி வீசுகிறவர்கள் காட்சியைக் கெடுத்துவிடுகிறார்கள். லிரிக் கொலரட்டுரா என்பது பிருகா மட்டும் அல்ல, உருக்கமும் சேர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அடுத்தது ஸெர்பினெத்தா. 'நாக்ஸஸ் தீவில் அரியாட்னெ' 1912இல் ஸ்டுட்கார்ட்டில் முதல் வடிவில் அரங்கேறியபோது அவளுடைய நீண்ட ஆரியா எஃப்♯6 வரை போனது. 1916இல் வியன்னாவுக்காக ஸ்ட்ராஸ் அதைத் திருத்தினார். சில பகுதிகளைக் குறைத்தார், சுருதியையும் இறக்கினார். உச்சம் ஈ6 ஆனது. இன்று அரங்குகள் வழக்கமாக எடுப்பது இந்த இரண்டாவது வடிவத்தைத்தான். அப்படியும் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்த ஆரியா இந்த வகைக்கே மிகப் பெரிய சோதனை. எழுதியவரே ஒரு படி இறங்கிவந்தார் என்பதை உச்ச சுர மோகம் பிடித்தவர்கள் ஒருதடவை நினைத்துப் பார்க்கலாம்.

இந்தப் பாதையின் நீளத்தைப் பாடகி எதிதா குருபெரோவா காட்டிவிட்டுப் போனார். 1970இல் வியன்னாவில் இரவு ராணி, 1976இல் அதே ஊரில் கார்ல் பேம் இசை நடத்திய ஸெர்பினெத்தா, பிறகு டொனிசெட்டியின் லூசியா, அதன்பின் அவருடைய அரசிப் பாத்திரங்கள், வயது ஐம்பதைத் தாண்டி நெடுநாள் கழித்து பெல்லினியின் நோர்மா. 2019இல் எழுபது வயது கடந்து மூனிக் மேடையில் விடைபெற்றார். ஒவ்வொரு கனமான பாத்திரத்தையும் குரல் தயாரான பிறகே எடுத்தார். அந்த வரிசையைத் தலைகீழாக்கியிருந்தால் இத்தனை ஆண்டு பாடியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

டிரமாட்டிக் கொலரட்டுரா

இதே வேகம், இதே உயரம், ஆனால் குரலில் உலோகம் இருக்க வேண்டும். கான்ஸ்டான்ஸ, மொஸார்ட்டின் 'டோன் ஜொவான்னி'யில் வரும் டோன்னா ஆன்னா, நோர்மா ஆகியோர் இங்கே வருகிறார்கள். இரவு ராணியும் கண்டிப்பாக இங்கேதான். 1791 செப்டம்பர் 30 அன்று வியன்னாவில் 'மந்திரப் புல்லாங்குழல்' அரங்கேறியபோது ராணியாகப் பாடியவர் மொஸார்ட்டின் மைத்துனி யோஸஃபா ஹோஃபர். அவர் தொண்டையின் பலம் பலவீனம் எல்லாம் தெரிந்து எழுதிய பாட்டு அது. அன்றைய வியன்னாவின் சுருதி, இன்று நாம் வைக்கும் ஏ4 = 440 ஹெர்ட்ஸைவிடச் சற்றுத் தாழ்ந்தது என்பதையும் மறக்கக் கூடாது. இன்று பாடுபவர் ஹோஃபரைவிடக் கூடுதலாகவே ஏறுகிறார்.

உலகமே அறிந்தது இரண்டாவது ஆரியா. டி மைனர், எஃப்6 நான்கு முறை, தெறித்து விழும் குறுஞ்சுரங்கள், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அது பாட வருகிறது என்பதாலேயே பலர் தங்களை ராணி என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் ராணி யார் என்பதைக் காட்டிக்கொடுப்பது முதல் ஆரியா. மகளைப் பறிகொடுத்த தாயாக மெதுவாகத் தொடங்கி, ஜி மைனரில் நீண்ட இழைகளில் புலம்பி, பிறகுதான் வேகத்துக்கு மாறுகிறது. எஃப்6 ஒரே ஒரு முறை, அதுவும் கடைசியில், களைத்த பிறகு. நடுக்குரலில் சதைப்பற்று இல்லாதவர் அந்தப் புலம்பல் பகுதியிலேயே மாட்டிக்கொள்வார். இரண்டாவது ஆரியாவை மட்டும் கொளுத்திப் போட்டுவிட்டு முதல் ஆரியாவைத் தவிர்ப்பவர்களுக்கு என் ஆலோசனை ஒன்றுதான்: அந்தப் பாத்திரத்தை இன்னும் சில ஆண்டு தொடாதீர்கள்.

சரியான குரலில் கேட்கும்போது அது எப்படி இருக்கும் என்பதற்கு எத்தா மோஸர் பாடிய பதிவு இருக்கிறது. 1977இல் வொயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் இடம்பெற்ற ஒரே ஓபரா ஆரியா அதுதான். அதில் ஒவ்வொரு உச்ச சுரமும் கோபத்தோடு வருகிறது. அழகு காட்ட வரவில்லை.

இந்தப் பாதையின் சங்கடம், கனக்குரல் முற்றக் காலம் எடுக்கும். முப்பதுக்கு முன் அது தன் முழு உருவத்தைக் காட்டுவது அரிது. பொறுமையில்லாமல் குரலை அடைத்துப் பெரிதாக்கினால் முதலில் போவது மென்மை; அடுத்து பிருகா மங்கும்; கடைசியில் அந்த எஃப்6ஏ போய்விடும். தலைகீழாகவும் நடப்பதுண்டு. பாடகி ஜோன் சதர்லாண்ட் தன்னைக் கனக்குரல் வாக்னர் பாடகியாகவே நினைத்துத்தான் லண்டனுக்கு வந்தார். அவருக்கு உச்சப் பகுதியும் வேகமும் இருப்பதைக் கண்டுபிடித்துப் பெல் காந்தோ என்ற இத்தாலிய அலங்காரப் பாட்டுமரபின் பக்கம் திருப்பியவர், பின்னாளில் கணவரான ரிச்சர்ட் பானிங். 1959 பிப்ரவரியில் கோவென்ட் கார்டனில் லூசியா பாடி ஒரே இரவில் உலகப்புகழ் பெற்றார். மரியா காலாஸ் 1949 ஜனவரியில் வெனிஸில் வாக்னரின் பிரூன்ஹில்டவையும் பெல்லினியின் எல்வீராவையும் ஒரே வாரத்துக்குள் பாடிய கதையை எல்லோரும் சொல்வார்கள். அது வியந்து கேட்க வேண்டிய கதை. அதைப் பார்த்து யாரும் சூடு போட்டுக்கொள்ள வேண்டாம்.

எஃப்6க்கும் மேலே

இந்த வகைக்கு வேலை மிகக் குறைவு, கவர்ச்சி மிக அதிகம். 1770இல் பார்மாவில் லூக்ரேட்ஸியா அகுயாரி என்ற பாடகி சி7 வரை பாடியதை இளம் மொஸார்ட் நேரில் கேட்டார். பின்னர் அவரே அலோய்ஸியா வெபருக்காக 1779இல் முடித்த ஒரு கச்சேரி ஆரியாவில் ஜி6 இரண்டு முறை வருகிறது. மஸ்ஸெனே 1889இல் ஸிபில் ஸாண்டர்ஸனுக்காக 'எஸ்கிளார்மோந்த்' எழுதினார், அதிலும் ஜி6. அது ஈஃபில் கோபுரம் திறந்த ஆண்டு என்பதால் அந்தச் சுரத்துக்கு 'ஈஃபில் சுரம்' என்றே பேர் வந்தது. 20ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாடகி மாதோ ரொபேன் டி7 வரை போனார். 2017இல் தாமஸ் ஆடெஸின் ஓபராவில் ஆட்ரி லூனா பாடிய ஏ6, 1760 ஹெர்ட்ஸ், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மேடை அதுவரை கேட்ட மிக உயர்ந்த சுரம்.

பட்டியலைக் கவனித்தால் ஒன்று புலப்படும். ஒவ்வொன்றும் ஒருவர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஸாண்டர்ஸனுக்குப் பிறகு 'எஸ்கிளார்மோந்த்' பெரும்பாலும் பெட்டிக்குள்தான் கிடந்தது. 1974இல் சதர்லாண்ட் எடுத்துப் பாடியபோதுதான் மீண்டும் பேசப்பட்டது. எனவே ஜி6, ஏ6 உங்களிடம் இருந்தால் மகிழுங்கள். லிரிக் கொலரட்டுராவாகப் பாடிக்கொண்டே அதை அலங்காரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒலிம்பியாவின் பாட்டில் இரண்டாம் சுற்றில் பாடகிகள் தாங்களே கூடுதல் உச்சங்களைச் சேர்ப்பது வழக்கம். அங்கே தாராளமாகக் காட்டலாம். லூசியாவின் பித்துக் காட்சி முடிவில் எல்லோரும் எதிர்பார்க்கும் ஈ♭6 கூட டொனிசெட்டி எழுதியது அல்ல, பாடகிகள் வழக்கமாக்கியதுதான். புதிய இசையமைப்பாளர்களோடு வேலை செய்யும் வாய்ப்பு இருந்தால் அதியுச்சக் குரலுக்கு உண்மையான மதிப்பு உண்டு. அதை மட்டுமே நம்பி வாழ்க்கையை அமைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சொல் கேட்குமா?

தேர்வில் பலரும் கணக்கில் எடுக்காத ஒரு விஷயம் இது. நாம் 'ஈ' என்கிறோமா 'ஆ' என்கிறோமா என்பதைக் கேட்பவர் காது அறிவது வாய்க்குழியின் ஒத்ததிர்வை வைத்து. 'ஈ'க்கு அதன் முதல் ஒத்ததிர்வு 300, 400 ஹெர்ட்ஸ் அருகே. 'ஆ'வுக்கு 800, 900 வாக்கில். பாடும் சுரமே அதைத் தாண்டிவிட்டால் உயிரெழுத்துகளைப் பிரித்தறிய வழியில்லை. அதனால்தான் சோப்ரானோக்கள் மேலே போகப் போகத் தாடையை இறக்கி வாயை அகலத் திறக்கிறார்கள். ஒத்ததிர்வு சுரத்தோடு சேர்ந்து மேலேறும், ஒலி அரங்கை நிரப்பும், ஆனால் எல்லா உயிரும் 'ஆ'வை நோக்கிச் சரியும். ஏ5க்கு மேலே யார் பாடினாலும் சொல் தேய்ந்துதான் போகும். எனவே சொல்லால் ஆளைச் சிரிக்கவைப்பதில் உங்களுக்கு உயிர் இருக்கிறது என்றால் நடுப்பகுதியில் வாழும் சுப்ரெட் பாத்திரங்கள் நிறைவு தரும். சொல்லைவிட இசையின் கோட்டிலேயே உணர்ச்சியை ஏற்ற விரும்புபவருக்குக் கொலரட்டுராதான் வீடு.

எப்படி முடிவெடுப்பது

பத்து நிமிடப் பயிற்சியில் எட்டிய உச்சத்தைக் குறித்துவைப்பது பயன்தராது. ஒரு முழுப் பாத்திரத்தின் அங்கம் ஒன்றை நிறுத்தாமல் பாடிவிட்டு, அதன்பின் உச்சம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஈ5 முதல் ஏ5 வரையிலான பகுதியில் மெல்லிய ஒலியில் நெடும்பிடி நிற்கிறதா? மறுநாள் காலை பேச்சுக்குரல் தெளிவாக இருக்கிறதா? மேடையில் எஃப்6 பாட வேண்டியவரிடம் பயிற்சி அறையில் ஜி6 சுகமாக இருக்க வேண்டும்; விளிம்பில் நிற்கும் சுரத்தை மேடைக்குக் கொண்டுபோவது ஆபத்து. கூடவே கீழே சி4, டி4 பக்கமும் கேளுங்கள். அங்கே காற்று மட்டும் வந்தால் டிரமாட்டிக் கொலரட்டுரா என்ற பேச்சையே இப்போது எடுக்க வேண்டாம். அங்கேயும் நடுவிலும் குரல் தானாகவே தடித்து நிற்கிறது, முழு இசைக்குழு வந்தாலும் நீங்கள் தள்ளுவதில்லை என்றால் மட்டும் அந்தப் பாதையைத் திறந்து வையுங்கள். திறந்து வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

டயானா டம்ராவ் 2007இல் மெட்ரோபாலிட்டனில் ஒரே தொடரில் சில இரவுகள் ராணியாகவும் வேறு சில இரவுகள் ராணியின் மகள் பமீனாவாகவும் பாடினார். அதையடுத்து ராணியை விட்டு விலகி லிரிக் பக்கம் நகர்ந்தார். உலகின் பேர்பெற்ற ராணிகளில் ஒருவரே அதை ஒரு கட்டம் என்று எடுத்துக்கொண்டார். ராணி பாடகியின் முகவரியாக இருக்க வேண்டியதில்லை.

என் முடிவைச் சொல்கிறேன். இருபதுகளின் முதல் பாதியில் இருந்தால் சுப்ரெட் பாத்திரங்களில் மேடையைக் கற்றுக்கொண்டே லிரிக் கொலரட்டுரா பாட்டுகளைப் படியுங்கள். தேர்வுக்குப் போகும்போது பிளோண்டயின் ஈ6 ஆரியாவைக் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். லேசான குரலா, உயரம் இருக்கிறதா, நடிப்பு வருமா என்ற மூன்று கேள்விக்கும் அது ஒன்றே பதில் சொல்லிவிடும். ஜில்டாவின் 'காரோ நோமே', ஹாண்டலின் கிளியோபாட்ரா ஆரியா ஒன்று, சூஸன்னாவின் தோட்டத்து ஆரியா ஆகியவை அதற்குத் துணை. ஐந்தாவதாக ராணியை வைக்கலாமா என்றால், இரண்டு ஆரியாக்களில் எதைக் கேட்டாலும் பாடத் தயார் என்றால் வையுங்கள். இரண்டாவது மட்டும்தான் வரும் என்றால் அந்த இடத்தில் அடேலயின் சிரிப்புப் பாட்டு நன்றாகவே பொருந்தும்.